ரெட் சாக்ஸின் சாபம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாஸ்டனுக்குத் தெற்கே குவின்சியில் மூன்று ஆண்டுகளாக வசிக்கிறேன். என் பதினொரு வயது மகன் பாஸ்டனின் பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸ் மீது பைத்தியமாகிவிட்டான். தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றுவதில்லை. அவனுக்காக நானும் பார்க்கத் தொடங்கினேன். ஆனால் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம்! எதைப் பார்ப்பது, எதை விடுவது? அணியின் வரலாற்றை எந்த ஆண்டிலிருந்து படிப்பது?

பேப் ரூத் என்ற நட்சத்திர ஆட்டக்காரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு விற்றதால், 86 ஆண்டுகள் கோப்பை கிடைக்காத சாபம் என்கிறார்கள். பகுத்தறிவுக்கு ஒவ்வாததுதான். ஆனால் 1986-இல் கோப்பை கைக்கு வந்த நேரத்தில் ரெட் சாக்ஸ் வீரர் பில் பக்னரின் கால்களுக்கு நடுவே பந்து ஓடியதை யூடியூபில் பார்த்தபோது, இது சாபம் இல்லையென்றால் வேறென்ன என்றுதான் தோன்றியது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஆட்டம் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலையில் மகனை அணியின் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு அழைத்துப் போகிறேன். என்ன கொண்டுபோக வேண்டும்?

– ரா.

அன்புள்ள ரா.,

கிரிக்கெட்டைவிடச் சப்பென்று இருக்கிறது என்ற வரிக்கு என்னிடம் பதில் கிடையாது. ஐந்து நாள் ஆடிவிட்டு முடிவில்லாமல் கைகுலுக்கிப் பிரியும் ஆட்டத்தை ரசித்து வளர்ந்தவர்கள் நாம். நமக்கு அந்தப் புகார் சொல்ல வாயில்லை.

சாபத்துக்கு வருவோம். இந்தக் கதை கொஞ்ச நாளாகவே என்னை உறுத்திக்கொண்டிருந்தது. நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள். பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே யூடியூப் துண்டு ஒன்றைப் பார்த்து மனம் மாறிவிட்டீர்கள். சில நொடி ஓடும் படத்தை வைத்து ஒரு மனிதன்மேல் ஒரு நகரத்தின் பழி முழுவதையும் ஏற்றுவதா? உங்கள் மகனுக்கும் அதையே சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். பேஸ்பாலில் ஸ்கோர் எழுதுவதை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் இட எண் உண்டு. பந்து வீசும் பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6. பிறகு இடது, நடு, வலது அவுட்ஃபீல்டர்கள் 7, 8, 9. முதுகில் இருக்கும் ஜெர்ஸி எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஷார்ட்ஸ்டாப் நிற்பது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் என்பதால் புதியவர்கள் அவருக்கு 5 என்று போட்டுவிட்டு, பிறகு பக்கம் முழுக்க அழிப்பார்கள். அவர் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து ஆளை வீழ்த்தினால் 6-3. நடு அவுட்ஃபீல்டர் கேட்ச் பிடித்தால் எஃப்-8. ஸ்டிரைக் என்பது பேட்டர் வீணாக்கிய பந்து; மூன்று ஆனால் ஸ்டிரைக் அவுட், அதற்குக் கே. மட்டையை அசைக்காமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அந்த ஆங்கில எழுத்தை இடவலமாகத் திருப்பிப் போட வேண்டும். ஃபீல்டரின் பிழைக்கு ஈ. ஒவ்வொரு பேட்டருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் சின்னச் சாய்சதுரம். அவர் எந்த பேஸ்வரை போனாரோ அதுவரை கோடு. ரன் வந்தால் சாய்சதுரத்தை நிரப்பிவிடுங்கள். பிட்சர் மாறும்போது இரண்டு பேட்டர்களுக்கு நடுவே தடித்த கோடு. இதை மறந்தால் எந்த ரன் எந்தப் பிட்சரின் கணக்கு என்பது கடைசியில் விளங்காது.

இப்போது 1986 அக்டோபர் 25-ஐ எழுதுங்கள். நியூயார்க் ஷே ஸ்டேடியம், கோப்பையை முடிவுசெய்யும் உலகத் தொடரின் (ஏழில் நான்கு வெல்ல வேண்டும்) ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸின் பின்பாதி. பாஸ்டன் தொடரில் 3-2 என்றும் ஆட்டத்தில் 5-3 என்றும் முன்னால் நிற்கிறது. பந்து வீசுபவர் கால்வின் ஷிரால்டி. எதிரணியான நியூயார்க் மெட்ஸின் வாலி பேக்மன் எஃப்-7. கீத் ஹெர்னாண்டஸ் எஃப்-8. இரண்டு அவுட், பேஸில் ஒருவரும் இல்லை. கேரி கார்ட்டர் சிங்கிள், அதாவது அடித்துவிட்டு முதல் பேஸை எட்டினார். கெவின் மிட்செல் சிங்கிள். ரே நைட்டுக்கு இரண்டு ஸ்டிரைக் ஆகிவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் கோப்பை பாஸ்டனுக்கு. அவரும் சிங்கிள். கார்ட்டர் ஓடி வந்துவிட்டார், 5-4. மிட்செல் மூன்றாம் பேஸில். தடித்த கோடு போடுங்கள்: ஷிரால்டி போய் பாப் ஸ்டான்லி வருகிறார். பேட்டர் மூக்கி வில்சன். ஸ்டான்லி வீசிய ஏழாவது பந்து கேட்சரைத் தாண்டிப் போகிறது. வைல்ட் பிட்ச். மிட்செல் வந்துவிட்டார், 5-5. நைட் இரண்டாம் பேஸுக்கு.

பென்சிலை நிறுத்துங்கள். ஆட்டம் ஏற்கெனவே சமன். பக்னர் இன்னும் பந்தைத் தொடவே இல்லை.

பத்தாவது பந்துதான் முதல் பேஸ் பக்கம் உருண்டு, நீங்கள் பார்த்த அந்தக் கால்களுக்கு நடுவே போனது. ஈ-3, முதல் பேஸில் நின்ற பக்னரின் பிழை. நைட் ஓடி வந்தார், 6-5. எழுதியது சரியா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு: மட்டை பிடிக்க வந்தவர்கள் எத்தனை பேரோ, அது ரன், அவுட், பேஸில் மிஞ்சியவர்கள் மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இங்கே வந்தவர்கள் 6 பேர். ரன் 3, அவுட் 2, பேஸில் மிஞ்சியது வில்சன் ஒருவர். சரியாக இருக்கிறது. அந்த ஆறு கட்டங்களில் பக்னரின் எண் எத்தனை இடத்தில் இருக்கிறது? ஒன்றே ஒன்று, கடைசிக் கட்டத்தில். மூன்று சிங்கிளையும் ஒரு வைல்ட் பிட்ச்சையும் யாரும் சாபம் என்பதில்லை. அவற்றைப் படம் பிடித்து ஓட்டினால் சுவாரஸ்யமில்லை, அவ்வளவுதான்.

பக்னருக்குக் கணுக்கால்கள் மோசம். அந்தத் தொடரில் பாஸ்டன் வென்ற மூன்று ஆட்டங்களிலும் கடைசி இன்னிங்ஸ்களில் அவரை உட்கார வைத்துவிட்டு டேவ் ஸ்டேப்பிள்டனை நிறுத்தினார் மேலாளர் ஜான் மெக்நமாரா. அன்று மட்டும் மாற்றவில்லை. இதற்குப் பெயர் தவறான முடிவு. போகட்டும், ஏழாவது ஆட்டம் என்று ஒன்று இருந்ததே? அதில் பாஸ்டன் 3-0 முன்னிலை எடுத்து, 8-5 என்று தோற்றது. அது பக்னரின் கணக்கா? வாழ்நாளில் 2,715 ஹிட் அடித்த மனிதர் அவர். இத்தனை பேச்சுக்கும் பிறகு 2008-இல் ஃபென்வேக்கு வந்து, மரியாதைக்காக வீசச் சொல்லும் முதல் பந்தை வீசினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. 2019-இல் இறந்தார்.

ரூத்தை விற்றது உண்மை. 1919 டிசம்பர் 26, ஒரு லட்சம் டாலர். ஆனால் அந்த ஆண்டு ரூத் 29 ஹோம் ரன் அடித்தும் ரெட் சாக்ஸ் லீகின் எட்டு அணிகளில் ஆறாவதாகத்தான் வந்தது. அதோடு போனது ரூத் மட்டுமல்ல. வெய்ட் ஹாய்ட், ஹெர்ப் பென்னக், ஜோ டூகன், எவரெட் ஸ்காட் என்று அடுத்த சில ஆண்டுகளில் வரிசையாக யாங்கீஸுக்கே போனார்கள். அணியைக் கட்டிய மேலாளர் எட் பாரோவும் போய்விட்டார். குதிரில் இருந்த நெல்லை எல்லாம் பக்கத்துக் களத்தில் கொட்டிவிட்டு, குதிர் ஏன் காலி என்று கேட்டால்? 1922 முதல் 1932 வரை பதினொரு சீசன்களில் ஒன்பது முறை கடைசி இடம். இதில் மர்மம் எங்கே இருக்கிறது?

1933-இல் டாம் யாக்கி அணியை வாங்கினார். பெரும் பணக்காரர். சாபக் கதை யாரைக் காப்பாற்றுகிறது என்று பார்த்தால் இந்த மனிதரைத்தான். 1945 ஏப்ரல் 16 அன்று, நகர மன்ற உறுப்பினர் இசடோர் மச்னிக் கொடுத்த நெருக்கடியால், மூன்று கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு ஃபென்வேயில் தேர்வு ஆட்டம் நடந்தது. ஜாக்கி ராபின்சன், சாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ். முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஒரு தகவலும் வரவில்லை. ராபின்சன் 1947-இல் புரூக்ளினுக்கு ஆடி, நவீன காலப் பெரிய லீகுகளின் முதல் கறுப்பின ஆட்டக்காரரானார், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமும் ஆனார். ஜெத்ரோ 1950-இல் அதே விருதை வாங்கினார். எந்த அணிக்காக? பாஸ்டன் பிரேவ்ஸ். அதே ஊர், ஐயா! அந்த ஆண்டு ரெட் சாக்ஸ் நான்கு ஆட்ட இடைவெளியில் முதலிடத்தைத் தவறவிட்டது. அலபாமாவின் பர்மிங்ஹாமில் ரெட் சாக்ஸின் கிளை அணி ஆடிய அதே மைதானத்தில்தான், பின்னாளில் மாபெரும் ஆட்டக்காரரான வில்லி மேஸும் ஆடிக்கொண்டிருந்தார். அவரையும் எடுக்கவில்லை. இடது களத்தில் ரெட் சாக்ஸின் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸ், நடுவில் மேஸ். நினைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது.

1948-ஐப் பாருங்கள். பாஸ்டனும் கிளீவ்லேண்டும் 96 வெற்றி, 58 தோல்வி என்று சமமாக முடித்தன. முடிவுகட்ட ஃபென்வேயில் ஒரே ஆட்டம். கிளீவ்லேண்ட் 8-3 என்று வென்றது. அந்த அணியின் நடுக்களத்தில் லாரி டோபி. பிட்சர்களில் ஒருவர் சாட்செல் பெய்ஜ். அந்தச் சீசனில் அவர் கணக்கில் 6 வெற்றி, 1 தோல்வி. இருவரும் கறுப்பினத்தவர். பெய்ஜ் இல்லாமல் போய் அந்த ஆறில் ஒன்று குறைந்திருந்தால் முடிவு ஆட்டமே தேவைப்பட்டிருக்காது. 1949-இலும் முதலிடம் ஒரே ஆட்டத்தில்தான் போயிற்று. அந்த முறை வென்ற யாங்கீஸும் யோக்கியர்கள் அல்ல, முதல் கறுப்பின ஆட்டக்காரரை 1955-இல்தான் இறக்கினார்கள் என்று நீங்கள் மடக்கலாம். சரிதான். ஆனால் யாங்கீஸுக்கு அந்த இழப்பைத் தாங்கப் பிட்சர்கள் இருந்தார்கள், பாஸ்டனுக்கு இல்லை. ரெட் சாக்ஸின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் பம்ப்ஸி கிரீன் இறங்கியது 1959 ஜூலை 21. ராபின்சனுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, இரண்டு லீகுகளின் பதினாறு அணிகளில் கடைசியாக. சாபம் என்ற சொல்லோ 1986 தோல்விக்குப் பிறகுதான் புழக்கத்துக்கு வந்தது. 1990-இல் ஒரு பத்திரிகையாளர் அதைப் புத்தகத் தலைப்பாக்கினார்.

2004 லீக் இறுதித் தொடரில் யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கி, நான்கையும் தொடர்ந்து வென்று கோப்பையையும் எடுத்ததும் சாபம் நீங்கியது என்றார்கள். சரி, 2011 செப்டம்பரில் அடுத்த சுற்றுக்கான இடத்துக்கு ஒன்பது ஆட்ட முன்னிலையை வைத்துக்கொண்டு அந்த மாதம் 7 வென்று 20 தோற்று வெளியேறினார்களே, அது யாருடைய சாபம்? 2012-இல் தங்கள் பிரிவில் கடைசி இடம், 2013-இல் கோப்பை, 2014-இல் மறுபடி கடைசி இடம்.

உங்கள் மற்ற கேள்விகள். வரலாற்றை 1967-இலிருந்து தொடங்குங்கள். முந்தைய ஆண்டு பத்தில் ஒன்பதாவதாக வந்த அணி அந்த ஆண்டு லீகை வென்றது. 162 ஆட்டத்தையும் பார்க்க வேண்டாம். வாரம் ஒன்றை முழுதாகப் பார்த்து எழுதுங்கள், மற்ற நாட்களில் வெற்றி தோல்விப் பட்டியலைப் பாருங்கள். எத்தனை ஆட்டம் பின்னால் என்பதற்கு வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும். முதல் அணி 60-40, நாம் 55-46 என்றால் ஐந்தும் ஆறும் பதினொன்று, பாதி ஐந்தரை. ஆனால் கண் தோல்விப் பத்தியில் இருக்கட்டும். ஆடாத ஆட்டத்தை இனி வெல்லலாம். தோற்றதைத் திருப்ப முடியாது. சீசனின் தொடக்கமான ஏப்ரலைப் பார்த்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

ஃபென்வேக்குத் தொப்பி, தண்ணீர், இரண்டு பென்சில். பேனா வேண்டாம். டிக்கெட் வாங்கும்போது பார்வை மறைக்கும் இருக்கையா என்று பாருங்கள். பழைய இரும்புத் தூண்கள் பிட்சரையே மறைத்துவிடும். இடதுபக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவரில், கையால் எண் மாட்டும் ஸ்கோர்போர்டு இருக்கிறது. அதன் செங்குத்து வெள்ளைக் கோடுகளில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் குறியீடு தெரியும். டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன் ஆகியோரின் பெயர் எழுத்துகள் அவை. மகனைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பிறகு வலதுபக்கம் திரும்பி மேலே பார்க்கச் சொல்லுங்கள். கூரை விளிம்பில் ஓய்வு கொடுக்கப்பட்ட (பெரிய ஆட்டக்காரர்களின் நினைவாக இனி யாருக்கும் தராத) ஜெர்ஸி எண்கள் வரிசையாக இருக்கும், சிவப்பில். ஒன்று மட்டும் நீலம்: 42. அது ராபின்சனின் எண்.