மட்டக்களப்பு உன்னிச்சைக் காட்டுப் பாதை: மூன்று தரம் ஒட்டியும் பின் டயரில் காற்று நிற்கவில்லை

சைக்கிள் டியூபில் நீங்கள் போட்ட ஒட்டில் பிழையில்லை, முள் இன்னும் டயருக்குள் இருக்கிறது. மூன்று ஓட்டையும் ஒரே இடத்தில் என்கிறீர்களே, அதுவே சாட்சி. சூரை முள்ளோ நெருஞ்சியோ ஏறினால் வெளியே முறிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் மிஞ்சும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆள் ஏறி அமர்ந்தால்தான் டியூபைக் குத்தும்.

டியூபைக் கழற்றுமுன் வால்வுக்கு நேரே டயரில் சோக்கால் கோடு போடுங்கள். காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்தி ஓட்டையைக் கண்டுபிடித்ததும், வால்வைக் கோட்டுக்கு நேராக வைத்து டியூபை டயரோடு ஒப்பிடுங்கள். முள் ஓட்டைக்கு நேரே இரண்டு விரல் அகலத்துக்குள்தான் இருக்கும். உட்புறத்தைப் பழைய பனியன் துணியால் துடைத்தால் நூல் சிக்கும். அங்கே டயரை மடித்து, சாவணத்தால் இழுத்தெடுங்கள். வெறும் விரலால் தடவ வேண்டாம்.

ஓட்டை ரிம் பக்கம் என்றால் முள்ளல்ல, ரிம் ரேப் (கம்பி முனைகளை மூடும் பட்டி) விலகிக் கம்பி முனை குத்துகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரட்டைக் கீறல் என்றால் காற்றுக் குறைவால் டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. மணலில் ஓடக் காற்றை இறக்கினாலும் 2.2 அங்குல டயரில் 25 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இற்குக் கீழே போகாதீர்கள்.

அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. காட்டுக்குள் நின்று ஒட்டாதீர்கள்: முள்ளை எடுத்து, மாற்று டியூபைப் போட்டு, மாலை 4 மணிக்கு முன் வீதிக்கு வந்துவிடுங்கள்.