வங்கதேசத்தில் எச்.ஐ.வி.: ஊசியைப் பற்றி எப்படிக் கேட்பது?

கேள்வி: வங்கதேசத்தில் வயது வந்தோரிடம் எச்.ஐ.வி. 0.1 சதவீதத்துக்கும் குறைவு. டாக்காவில் பரவல் ஆபத்து பற்றி ஆய்வு செய்யப் போகிறேன். கேள்வித்தாளில் எதற்கு முதலிடம்? ஆண்கள் சுன்னத் செய்தவர்கள் என்பதால் ஆபத்து குறைவுதானே?

பதில்: ஊசிக்குத்தான் முதலிடம். நாட்டுச் சராசரியை நம்பி இறங்காதீர்கள். டாக்காவில் ஊசிவழி போதை ஏற்றுவோரிடம் 2011இல் 5 சதவீதத்தை ஒட்டியிருந்த தொற்று, 2016 கண்காணிப்பில் 22 சதவீதமாகிவிட்டது.

“அடுத்தவர் ஊசியைப் பயன்படுத்துவீர்களா?” என்று கேட்டால் பலரும் இல்லை என்பார்கள். அதைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். அங்கே அதிகம் ஏற்றப்படுவது பியூப்ரினார்ஃபின் என்ற, போதை தரும் வலிநிவாரணி. தனியாக ஓர் ஆம்பூல் (மருந்துள்ள சிறு கண்ணாடிக் குப்பி) வாங்கக் காசு போதாதபோது இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்குகிறார்கள். ஒரே சிரிஞ்சில் மொத்தமும் இழுத்து, அதிலுள்ள அளவுக் கோட்டைப் பார்த்து ஆளுக்கு இவ்வளவு என்று ஏற்றிக்கொள்வது ஒரு வழி. ஏற்கெனவே பயன்படுத்திய சிரிஞ்சிலிருந்து இன்னொன்றுக்கு மருந்தைப் பீய்ச்சிக் கொடுப்பது இன்னொரு வழி. இதில் ஊசிமுனை ஆளுக்கொன்றுதான். ஆனால் குழலில் ஒட்டியிருந்த ரத்தமும் மருந்தோடு போய்விடுகிறது. அவர்களைப் பொறுத்தவரை பங்கிட்டது மருந்தை, ஊசியை அல்ல.

ஆகவே கேள்வியை உடைத்துக் கேளுங்கள். கடைசியாக ஏற்றியபோது எத்தனை பேர் இருந்தீர்கள்? எத்தனை ஆம்பூல்? எத்தனை சிரிஞ்ச்? ஆட்களைவிட சிரிஞ்ச் குறைவென்றால் விடை கிடைத்துவிட்டது. சமமாக இருந்தால், மருந்து எதிலிருந்து எதற்குப் போனது என்று கேளுங்கள். ‘வழக்கமாக’ என்ற சொல்லே வேண்டாம்; அதற்கு நல்ல பிள்ளை பதில்தான் வரும். சொந்த சிரிஞ்சைக் கையோடு வைத்திருப்பாரா என்பதையும் சேருங்கள். போலீஸ் சோதனைக்குப் பயந்து வைத்துக்கொள்ளாதவர், கிடைத்ததைத்தான் எடுப்பார்.

பிறகு கடந்த 12 மாதம்: பாலியல் தொழிலாளரிடம் போனாரா, கடைசி முறை ஆணுறை உண்டா, காசுக்கு ரத்தம் கொடுத்தாரா. மனைவி பற்றிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முன்னால் வைத்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ரத்த மாதிரி எடுப்பதாக இருந்தால் ரத்தம் வழியே பரவும் ஹெபடைடிஸ் சி, உடலுறவு வழியே பரவும் சிஃபிலிஸ் இரண்டையும் பாருங்கள். முன்னது ஊசிப் பதில்களையும், பின்னது ஆணுறைப் பதில்களையும் சரிபார்க்க உதவும்.

சுன்னத் விஷயம்: தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது உண்மை. அந்தக் கணக்கு ஊசிக்குச் செல்லாது. கணவனிடமிருந்து மனைவிக்குப் போவதையும் அது நேரடியாகத் தடுப்பதில்லை.