பொழுதுபோக்காக நிரல் எழுதுகிறவர்கள் உண்மையில் எதைத்தான் செய்கிறீர்கள்? அதற்கு என்ன கருவிகள் வேண்டும்?

இந்தக் கேள்விக்கு என் பதில் இது. எனக்குத் தொழில் வேறு. கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஊரில் இருக்கிறேன். வீட்டில் வயல் செய்கிறோம். பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன், நிரல் எழுதுவதெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். காசு வராத வேலைக்கு ஏன் இவ்வளவு கரண்ட் என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான்.

நான் செய்வது சின்னச் சின்னக் கருவிகள். ஒவ்வொன்றையும் பயன்படுத்துவது ஊரில் ஒரு கைப்பிடி ஆட்கள். கடையில் கிடைக்கும் செயலிகளை யாரும் எங்கள் ஊர் வெயிலில், எங்கள் ஊர்ச் சிக்னலில், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய பட்டியலோடு வைத்துச் சோதிப்பதில்லை. அவர்கள் விட்ட இடத்தில் எனக்கு வேலை இருக்கிறது.

அதிகம் பயன்படுவது நெல் ஈரப்பதன் கணக்கு. காலபோக அறுவடை முடிந்ததும் காயப்போட இடமும் ஆளும் இல்லாமல் பச்சை நெல்லாகவே விற்கிறவர்கள் நிறையப் பேர். அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வயலுக்கே லொறி கொண்டு வருகிறவர்களோ மூடைக்கு இத்தனை கிலோ என்று கழித்துவிட்டுப் போவார்கள். அந்தக் கழிவு சரிதானா என்று பார்க்க ஒரு கணக்கு வேண்டும், ஆனால் அது நினைப்பது போல் நேரான கழித்தல் இல்லை. 1000 கிலோ நெல்லில் ஈரம் 20 சதவீதம் என்று வையுங்கள். 14க்கு இறக்கினால் 6 சதவீதம் போய் 940 கிலோ நிற்கும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்படி வராது. உலர்ந்த பங்கு 800 கிலோ, அது மாறாது. அந்த 800 புது நிறையில் 86 சதவீதமாக இருக்க வேண்டும் என்பதால் 0.86 ஆல் வகுக்க வேண்டும். 930 கிலோதான் மிஞ்சும். இந்த இடத்தில் கணக்கு வாங்குகிறவருக்குச் சாதகம், அதையும் மறைக்காமல் காட்டத்தான் வேண்டும். ஆனால் 16 சதவீத ஈரத்தில் 70 கிலோ மூடைக்கு நியாயமான கழிவு 1.6 கிலோ. அதற்கு மூன்று, நாலு கிலோ என்று கழிக்கும்போது போனை நீட்டிப் பேசலாம். "தம்பி, உந்தக் கணக்கை ஒருக்கால் போட்டுக் காட்டும்" என்று பக்கத்து வயல் ஐயா லொறிக்காரருக்கு முன்னாலேயே கூப்பிடுவார். ஈரம் பார்க்கும் மீற்றர் லொறிக்காரருடையது என்பதை என் நிரலால் ஒன்றும் செய்ய முடியாது. அது வேறு சண்டை.

இதில் நிரல் என்று பார்த்தால் நாலு வரி. மிச்சமெல்லாம் வயலில் நின்று ஒரு பழைய போனில் அதைத் திறப்பதற்கான பாடு. இணையப் பக்கத்துக்கான ஒரே ஒரு எச்.டி.எம்.எல். கோப்பு, உலாவியில் ஓடும் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் நிரல், படம் இல்லை, வெளியிலிருந்து இழுக்கும் எழுத்துரு இல்லை. இணையப் பக்கங்களுக்கு இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றி வைத்திருக்கிறேன். கூடவே சேர்விஸ் வேர்க்கர் என்கிற சின்னக் கோப்பு ஒன்று உண்டு. ஒரு தடவை ரவுனில் வைத்துத் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு சிக்னல் இல்லாத இடத்திலும் பக்கம் திறக்கும். அதில் ஒரு வில்லங்கம்: நீங்கள் கணக்கைத் திருத்தி ஏற்றினாலும், சேமித்து வைத்த பழைய பக்கத்தையே போன் காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சேமிப்பின் பெயரில் பதிப்பு எண்ணைக் கூட்டி, பழையதை அழிக்கச் சொல்லி எழுத வேண்டும். நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிரல் எழுதும் பொடியன்களுக்கெல்லாம் கறுப்புப் பின்னணி என்றால் உயிர். பங்குனி வெயிலில் வரம்பில் நின்று அந்தக் கறுப்பைப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும். வெள்ளையில் கறுப்பு, பெரிய இலக்கம், தூசி பிடித்த விரலுக்கு ஏற்ற பெரிய பொத்தான். அழகுப் போட்டிக்குப் போகாது, பரவாயில்லை.

அடுத்தது பாமினி. இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம், எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறை பரவுவதற்கு முன்னால் அலுவலகம், பாடசாலை, சங்கம் எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் தட்டின. அந்தக் கோப்புகள் இன்னும் இருக்கின்றன. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகம் போட்டதுதான். எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று கிடக்கும். மாற்றிக் கொடுக்கும் இணையப் பக்கங்கள் பல உண்டு, கட்டுரையை மாற்ற அவை போதும். பட்டியலை மாற்றினால்தான் கூத்து.

எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலை எடுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், சந்தா. பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் பெரும்பாலும் 'வீ' என்ற ஆங்கில எழுத்தும். பாமினியில் அந்தப் பெரிய 'வீ' இருக்கும் இடத்தில்தான் 'ஏ' உட்கார்ந்திருக்கிறது. மாற்றி கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்ற, சங்கத்தில் பாதிப் பேருடைய இலக்கம் 'ஏ'யில் முடியும். ஆகவே என் மாற்றி முதலில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து, வந்தால் தொடாமல் விட்டுவிடும். பிறகு கொம்பு. பாமினியில் 'கெ' என்பதற்குக் கொம்பை முதலில் தட்டி, ககரத்தைப் பிறகு தட்டுவோம், கையால் எழுதுவது போல. யுனிகோட்டில் ககரம் முதலில், கொம்பு பிறகு. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் நிற்கும் குறிகளைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டும். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

மாற்றி முடித்ததும் அகர வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண வரிசையில் கனகா முன்னுக்கும் கமலா பின்னுக்கும் வந்தார்கள். யுனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்து, பகர மகரங்களுக்கு முன்னால் இருப்பதுதான் காரணம். நமக்கோ னகரம் கடைசி மெய். மொழிக்கு ஏற்ப வரிசைப்படுத்த 'இன்ரல் கொலேற்றர்' என்று ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே ஒன்று இருக்கிறது. அதற்குத் தமிழ் என்று மொழியைச் சொல்லிக் கொடுத்தால் சரியாக அடுக்கும். சங்கத் தலைவி அக்கா பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு "இப்ப சரி" என்றார், அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் இந்த மாற்றியை ஒரு நிமிடத்தில் எழுதித் தந்துவிடும், நானும் கேட்பதுண்டு. ஆனால் அடையாள அட்டை 'வீ' விசயத்தை நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

சாதனங்கள் பக்கம் நான் கொஞ்சம் கஞ்சன். 2022 இல் ஏறக்குறைய 200 ரூபாயில் நின்ற டொலர் சில மாதங்களில் 360 வரை ஏறியபோது, வெளியில் இருந்து வரும் எந்த மின்னணுச் சில்லையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதே வருடம் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் நின்றது. அப்போது தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது உண்மையான தேவையாக இருந்தது, கரண்ட் வரும் நேரத்துக்குள் மோட்டர் போட வேண்டும் அல்லவா. கையில் இருந்த ஈ.எஸ்.பி.8266 என்ற, வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகையையும், நீர் புகாத அல்ட்ராசோனிக் உணரியையும் தொட்டி மூடியில் பொருத்தினேன். பற்றரியில் ஓடும். வீட்டு றூட்டரும் கரண்டோடு செத்துவிடும் என்பதால் பலகையே தன் வைஃபையைப் பரப்பும். போனில் 192.168.4.1 என்று அடித்தால் தண்ணீர் மட்டம் தெரியும். எந்த நிறுவனத்தின் சேர்வருக்கும் தகவல் போகாது. வீட்டுத் தொட்டியைப் பார்க்க வெளிநாட்டுச் சேர்வர் எதற்கு?

உணரி ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கிறது. ஒலியின் வேகம் 20 பாகையில் வினாடிக்கு 343 மீற்றர், ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். மத்தியானம் மூடிக்குக் கீழே 40 பாகை என்றால் 355. இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பெரும்பாலும் 343 தான் இருக்கும். அதை அப்படியே போட்டால் ஒரு மீற்றர் வெறுமைக்கு மூன்றரைச் சென்றிமீற்றர் தண்ணீரைக் கூட்டிக் காட்டும். இல்லாத தண்ணீர். பக்கத்தில் ஒரு வெப்பமானி வைத்து, அதன்படி வேகத்தை மாற்றினால் சரி. இன்னொன்று, உணரி 5 வோல்ட், பலகை 3.3 வோல்ட். எதிரொலிக் கம்பியில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடைகளால் வோல்ட்டைப் பிரித்துக் கொடுங்கள். நேரே கொடுத்தாலும் ஓடுகிறது என்று பலர் எழுதுவார்கள், நான் அதை நம்பி ஒரு பலகையைப் பணயம் வைக்க மாட்டேன்.

சரி, என்ன கருவிகள் வேண்டும்? லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட பழைய மடிக்கணினி போதும். அதுவும் இல்லையென்றால் அன்ட்ரொய்ட் போனில் டேர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டுப் பைதன் என்ற நிரல் மொழியைப் படிக்கலாம். கண் வலிக்கும், ஆனால் நடக்கும். டெவ்டொக்ஸ் என்ற தளத்தில் நிரல் மொழிகளின் கையேடுகளை இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலும் வாசிக்கலாம். எங்களைப் போல் சிக்னல் வந்து போகும் இடத்தில் இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

சாதனம் எதுவும் வாங்குமுன் ஒரு மல்டிமீற்றர் வாங்குங்கள். வயரின் இரண்டு முனையையும் தொட்டால் 'பீப்' என்று சத்தம் போடும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே தொட்டுப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால், அறுந்த வயரைத் தேடும்போது இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரையையும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்.