கேப்டன் இறந்துவிட்டார், தங்கை பேசவில்லை

கேள்வி: நானும் என் தங்கையும் பள்ளி நாட்களிலிருந்தே ஓர் அறிவியல் புனைகதைத் தொடரைச் சேர்ந்து பார்த்து வருகிறோம். வேலை காரணமாக வெவ்வேறு ஊர்களுக்குப் போன பிறகும், ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, போனில் பேசிக்கொண்டே பார்ப்போம். இரண்டரை ஆண்டு காத்திருந்த பிறகு ஐந்தாவது சீசன் வந்தது. முதல் எபிசோடிலேயே கேப்டனைக் கொன்றுவிட்டார்கள். அவர் இடத்தில் ஓர் இளம்பெண். கிரகம் விட்டுக் கிரகம் போக 7 மாதம் ஆகும் என்று நான்கு சீசன்களாகச் சொன்னவர்கள், இப்போது ஒரே இரவில் போய்ச் சேருகிறார்கள். 13 எபிசோடுகள் 8 ஆகிவிட்டன. ரசிகர்களை முட்டாள்களாக நினைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம். தங்கைக்கோ இந்த சீசன் மிகவும் பிடித்துவிட்டது. வாக்குவாதத்தில், 'உனக்கு இந்தத் தொடர் என்றைக்குமே புரிந்ததில்லை' என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக அவள் பேசவில்லை. புதிய நடிகையின் பக்கத்திலும் கடுமையாக எழுதியிருக்கிறேன். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்வது தவறா?

பதில்: தவறில்லை நண்பரே. பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்லுங்கள் என்று உங்களிடம் நான் கேட்கப்போவதில்லை. 'வெறும் தொடர்தானே, இதற்கா சண்டை' என்பவர்களோடும் சேரமாட்டேன். அந்த விண்கப்பலின் ஒவ்வொரு அறையும் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படிப் பழகிய இடத்தைக் கலைத்துப்போட்டால் மனம் பொறுக்காது. ஆனால் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று தெரிந்தது. வெவ்வேறு கோபங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, மொத்தத்தையும் தங்கையின் தலையில் இறக்கியிருக்கிறீர்கள். மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

அந்த 7 மாதப் பயணத்திலிருந்து தொடங்குகிறேன். இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். அறிவியல் புனைகதை எழுதுபவர் எதை வேண்டுமானாலும் கற்பனை செய்யலாம். ஆனால் தன் உலகத்துக்கென்று ஒரு விதியை வகுத்துவிட்டால், அதற்கு அவரும் கட்டுப்பட்டவர். அந்த 7 மாதக் கணக்கு வாய்க்கு வந்த எண்ணும் அல்ல. நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2020 ஜூலை 30 அன்று கிளம்பி, 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கியது. ஏறக்குறைய அதே 7 மாதம். உங்கள் தொடரின் கதை முழுவதும் அந்தத் தூரத்தின் மேல்தான் நின்றது என்று நினைக்கிறேன். ஆபத்து என்றால் உதவி வந்து சேராது. எடுத்த முடிவைத் திரும்பப் பெற முடியாது. கப்பலில் ஒருவரோடு பகை வந்தால், மாதக்கணக்கில் அவர் முகத்திலேயே விழிக்க வேண்டும். அதனால்தான் அங்கே பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் கனம் இருந்தது. ஒரே இரவில் போய்ச் சேரலாம் என்றால் அந்தக் கனம் கரைந்துவிடுகிறது. எப்படி வேகம் கூடியது என்று ஒரு காட்சியிலாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எழுதியவர்களின் குறை. இதை நீங்கள் யாரிடமும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் தங்கையிடம் இந்த வாதத்தை வைத்தீர்களா? கடிதத்தில் அதற்கான அடையாளமே இல்லை. கேப்டனில் தொடங்கி, நேராகப் 'புரிந்ததில்லை' என்பதில் போய் முடித்திருக்கிறீர்கள்.

கேப்டன் விஷயம் வேறு. அது துக்கம். விதியை மீறுவதும் ஆளை மாற்றுவதும் ஒன்றல்ல. ஆனால் பார்க்கிற நமக்கு இரண்டும் ஒரே இடத்தில் வலிக்கும். அதனால் ஒன்றுக்காக மற்றொன்றைத் திட்டிவிடுகிறோம். 1963-இல் பி.பி.சி. தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் முதல் நாயகர் வில்லியம் ஹார்ட்னெல், உடல்நலம் குன்றியதால் 1966-இல் விலகினார். நாயகர் வேறோர் உருவம் எடுத்துவிட்டார் என்று கதையிலேயே ஒரு வழி செய்து, பேட்ரிக் டிராட்டனைக் கொண்டுவந்தார்கள். அன்றைய பார்வையாளர்கள் பலர் அவரை உடனே ஏற்கவில்லை. ஆனால் அந்த மாற்றம்தான் பின்னாளில் தொடரின் அடிப்படை விதியாகவே ஆனது. அது இல்லையென்றால் அத்தனை காலம் அந்தத் தொடர் ஓடியிருக்க வழியே இல்லை.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமானது 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர். 1987-இல் அது புதிய கப்பல், புதிய கேப்டனோடு திரும்பி வந்தபோது பழைய ரசிகர்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் கண்ட குறைகளில் உண்மை இருந்தது. முதல் இரண்டு சீசன்களில் எழுத்து தடுமாறியது என்பதை அந்தத் தொடரை நேசிப்பவர்களே ஒப்புக்கொள்வார்கள். 1989-இல் வந்த மூன்றாவது சீசனில் எழுத்து நிலைபெற்றது. தொடர் 7 சீசன்கள் ஓடி 1994-இல் முடிந்தது. கேப்டன் கடைசிவரை அதே கேப்டன்தான். நடுவில் மாறியது எழுத்து. அந்த ஆரம்ப நாட்களில் புதிய கேப்டனைப் பழித்துவிட்டு எழுந்துபோனவர்கள், நோயைச் சரியாகக் கண்டு, மருந்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். இந்த சீசனில் உங்களுக்குப் பிடிக்காத ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் வசனங்களை அப்படியே பழைய கேப்டன் பேசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் காட்சி மோசம் என்றால், குறை எழுத்தில் இருக்கிறது. சரியாகிவிட்டது என்றால், நீங்கள் இன்னும் பழையவரைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அந்தப் புதிய பெண்மேல் கோபப்படுவதற்கும் எதுவுமில்லை.

எபிசோடுகள் குறைந்ததைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. அது பெரும்பாலும் செலவும் நேரமும் சேர்ந்து போடும் கணக்கு. 1988-இல் அமெரிக்க எழுத்தாளர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தபோது, நான் மேலே சொன்ன 'ஸ்டார் டிரெக்' தொடரின் இரண்டாவது சீசன் 22 எபிசோடுகளாகச் சுருங்கியது. அதிலும் கடைசி எபிசோடின் பெரும்பகுதி பழைய காட்சிகளை வெட்டி ஒட்டியது. 2023-இலும் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். ஒரு சீசன் மெலிந்து வருவதற்கு இப்படி எத்தனையோ காரணங்கள் உண்டு. ரசிகர்களை முட்டாள்களாக நினைப்பது அவற்றில் எங்கோ கடைசியில்தான் இருக்கும்.

அந்த நடிகையின் பக்கத்தில் எழுதியதை இன்றே நீக்கிவிடுங்கள். இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். கேப்டனைக் கொல்ல முடிவெடுத்தவர் அவர் அல்ல. பயண நாட்களைக் குறைத்தவரும் அல்ல. கிடைத்த வேலையைச் செய்தார். 2022-இல் 'ஓபி-வான் கெனோபி' தொடரில் நடித்த கறுப்பினப் பெண்ணான மோசஸ் இங்க்ராம், தனக்கு வந்து குவிந்த நிறவெறிச் செய்திகளை வெளியிட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நீங்கள் எழுதியது அந்த வகை இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் ஆயிரம் கடுஞ்சொற்களுக்கு நடுவே இருப்பவர், ஒவ்வொன்றாகத் தரம் பிரித்தா படிப்பார்? உங்கள் குறையைச் சொல்லச் சரியான இடம் இருக்கிறது. முதல் 'ஸ்டார் டிரெக்' நின்றுவிடும் என்று பேச்சு எழுந்தபோது, ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். எழுதியது அதை ஒளிபரப்பிய என்.பி.சி. நிறுவனத்துக்கு. 1968-இல் மூன்றாவது சீசன் வந்தது. உங்கள் 7 மாத வாதத்தையும் தயாரிப்பாளர்களுக்கு, காட்சி எண்ணோடு, மரியாதையாக எழுதுங்கள்.

இனி தங்கை. 'இந்த சீசன் மோசம்' என்பது சீசனைப் பற்றிய பேச்சு. 'உனக்கு என்றைக்குமே புரிந்ததில்லை' என்பது அவளைப் பற்றிய பேச்சு. அதுவும் 'என்றைக்குமே' என்கிற சொல், பள்ளி நாட்களில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமியையும் சேர்த்து அடிக்கிறது. எபிசோடு முடிந்ததும் உங்களோடு விடிய விடியப் பேசியவள் அவள். அதெல்லாம் புரியாமல் பேசியதாக ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டீர்கள். அவள் மூன்று வாரம் மௌனமாக இருப்பதில் எனக்கு வியப்பில்லை.

செய்தி அனுப்பாதீர்கள், போனில் கூப்பிடுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள். சீசனைப் பற்றிய உங்கள் கருத்துக்கு மன்னிப்பு வேண்டாம். அது பொய்யாகிவிடும், அவளும் கண்டுபிடித்துவிடுவாள். மன்னிப்புக் கேட்டதும் 'ஆனால்' என்று மட்டும் தொடங்கிவிடாதீர்கள். பிறகு, இந்த சீசனில் அவளுக்கு மிகவும் பிடித்த காட்சி எது என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். உங்களைப் பிடித்து வைத்திருந்தது கப்பலும் தூரமும் விதிகளும் என்று உங்கள் கடிதம் சொல்கிறது. அவளைப் பிடித்து வைத்திருந்தது எது என்று இத்தனை ஆண்டுகளில் கேட்டிருக்கிறீர்களா? கேப்டன் இறந்தபோது அவள் அழுதாளா என்பதுகூட உங்கள் கடிதத்தில் இல்லை.

அவள் மனம் இளகினால், அந்தக் காட்சி வரும் எபிசோடை முன்புபோலவே இருவரும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். அந்த 7 மாத விவகாரத்தை அது முடிந்த பிறகு எடுங்கள். அவளிடம் அதற்கு ஒரு பதில் இருக்கக்கூடும். இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.