இரண்டு மானிட்டர்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தர்மபுரியில் கணினி பழுது பார்ப்பவன் நான். இரண்டாவது திரை வரவில்லை என்றதும் பலர் புது மானிட்டருக்கு விலை கேட்கிறார்கள். அதற்கு முன், படம் வரும் மானிட்டரின் கேபிளைக் கழற்றி, வராத மானிட்டரில் செருகிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் மானிட்டர் நன்றாகவே இருக்கிறது.

பாலக்கோடு, கணக்கு எழுதுபவர்: புதிதாகக் கிராபிக்ஸ் கார்டு போட்டேன். அதில் செருகிய மானிட்டர் தெரிகிறது. பழைய இடத்திலேயே இருக்கும் இன்னொன்றில் ‘நோ சிக்னல்’ வருகிறது. அது போய்விட்டதா?

போகவில்லை ஐயா. சிபியு பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். யுஎஸ்பி, ஸ்பீக்கர் துளைகளோடு சேர்ந்து மேலே இருப்பவை மதர்போர்டின் போர்ட்டுகள். கீழே தனியாகப் படுக்கைவாட்டில் இருப்பவை கார்டினுடையவை. கார்டு போட்டதும் மதர்போர்டு தன் திரை இணைப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். இரண்டு கேபிள்களையும் கார்டிலேயே செருகுங்கள். அதில் இடமில்லை என்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) உள் கிராபிக்ஸை, அதாவது பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸை, இயக்கலாம். ஆனால் பெயர் எஃப் எழுத்தில் முடியும் இன்டெல் கோர் பிராசசர்களில் உள் கிராபிக்ஸே கிடையாது, பயாஸில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஓசூர், வீட்டிலிருந்து பணிபுரியும் பெண்: லேப்டாப்பில் ஒரே எச்டிஎம்ஐ. ஸ்ப்ளிட்டர் வாங்கி இரண்டு மானிட்டர் இணைத்தேன். இரண்டிலும் ஒரே படம்தான் வருகிறது.

ஸ்ப்ளிட்டர் ஒரே சிக்னலை இரண்டாகப் பிரித்து அனுப்புகிறது, அவ்வளவுதான். விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும், வருத்தமாக இருக்கிறது அம்மா. விண்டோஸ் விசையுடன் பி அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ தேர்ந்தெடுத்தாலும் அந்த இரண்டு மானிட்டர்களும் ஒரே படத்தையே காட்டும். உங்கள் லேப்டாப்பின் டைப்-சி துளை படம் அனுப்புமா என்று மாடல் விவரத்தில் பாருங்கள். அனுப்பும் என்றால் டைப்-சி எச்டிஎம்ஐ அடாப்டர் போதும். இல்லையென்றால் யுஎஸ்பி டிஸ்ப்ளே அடாப்டர் வாங்கி, அதற்கான டிரைவர் மென்பொருளை நிறுவ வேண்டும்.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை ஊழியர்: பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் உண்டு. கன்வர்ட்டர் வாங்கியும் படம் வரவில்லை அண்ணா.

தம்பி, எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். நடுவில் இருக்கும் கன்வர்ட்டர் ஒரு திசையில் மட்டுமே மாற்றும். உங்களுக்கு வேண்டியது எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றுவது. விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவதும் பார்க்க ஏறக்குறைய இதேபோல் இருக்கும். உங்களிடம் இருப்பது எது என்று அட்டைப்பெட்டியில் படியுங்கள். சரியானதுதான் என்றால், பக்கவாட்டில் சிறிய மின்துளை இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு யுஎஸ்பி மின்சாரம் கொடுங்கள்.

அரூர், மாணவி: வலப்பக்கத் திரைக்குப் போக மவுஸை இடப்பக்கம் தள்ள வேண்டியிருக்கிறது.

டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 1, 2 என்ற கட்டங்களை மேசையில் உள்ளபடி இழுத்து வையுங்கள்.

காவேரிப்பட்டணம், விவசாயி: போர்வெல் மோட்டார் போடும்போதெல்லாம் இரண்டாவது மானிட்டர் ஒரு நொடி கறுத்து, பிறகு வருகிறது.

நல்ல வேளையாகக் கேட்டீர்கள் ஐயா. கறுக்கும் நொடியில் மானிட்டரின் சிறுவிளக்கைக் கவனியுங்கள். விளக்கும் அணைந்தால், மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் இறங்குகிறது என்று பொருள். முதல் மானிட்டர் யுபிஎஸ்ஸில் இருந்து, இது நேராகச் சுவர் பிளக்கில் இருக்கக்கூடும். யுபிஎஸ் தாங்குமென்றால் இதையும் அதற்கே மாற்றுங்கள். விளக்கு எரிந்துகொண்டே படம் மட்டும் போனால், மோட்டார் சுவிட்ச் எழுப்பும் மின் இரைச்சல் கேபிளில் புகுகிறது. நீளம் குறைந்த, நல்ல உறையுள்ள எச்டிஎம்ஐ கேபிள் பெரும்பாலும் தீர்த்துவிடும். ஆனால் அந்த அறையின் மூன்றாவது பின்னுக்கு எர்த் உண்மையில் வருகிறதா? எலக்ட்ரீஷியனிடம் காட்டி முதலில் அதைச் சரிபாருங்கள், கேபிளைப் பிறகு வாங்கலாம்.