பீரோ மேல இருக்கிற பை

வணக்கம் மேடம், கோயம்புத்தூர்ல இருந்து எழுதறேன், பேர் வேண்டாம். கல்யாணம் ஆகி 14 வருஷம், அதுல 11 வருஷம் குடிதான். லேத் பட்டறை வெச்சிருக்கார், சாயந்திரம் ஏழு ஆச்சுன்னா டாஸ்மாக், அப்புறம் வீட்ல என்ன நடக்கும்னு நான் சொல்லணுமா. நான் பண்ணாத வைத்தியம் இல்ல. கோயில்ல கயிறு கட்டினேன், சாப்பாட்டுல கலக்கற பவுடர் வாங்கினேன், ரெண்டு தடவை டீஅடிக்‌ஷன் சென்டர்ல சேர்த்தேன், நகை போச்சு. எதுக்கும் நிக்கல. இப்ப ஆறு மாசமா நின்னுடுச்சு. தெரிஞ்ச வெல்டர் ஒருத்தர், குடியை விட நினைக்கறவங்க ஒண்ணா கூடிப் பேசற ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்கு கூட்டிட்டுப் போனாராம், ஒரு சர்ச் ஹால்ல நடக்குது. நாங்க சர்ச்சுக்குப் போறவங்களே இல்ல.

சந்தோஷப்படணும்தானே, முடியல மேடம். தினமும் ஏழு மணிக்குக் கிளம்பினா வர ஒன்பதரை. என்ன பேசினீங்கன்னு கேட்டா அங்க பேசறது அங்கயே இருக்கணுமாம். ஸ்பான்சர்னு ஒருத்தராம், முன்னாடியே குடியை விட்டு இவருக்கு வழி காட்டறவராம், ராத்திரி மொட்டை மாடிக்குப் போய் அவர்கிட்ட போன்ல பேசறார், சிரிக்கறார். என்கிட்ட அப்படி சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சு. 11 வருஷம் வாந்தி அள்ளினது நானு, பேர் வாங்கறது அவங்க. ஒரு நாள் ஸ்கூட்டில பின்னாடியே போய்ப் பார்த்தேன், நிஜமாவே ஹால்லதான் உக்காந்திருந்தார், பிளாஸ்டிக் சேர்ல, கையில டீ. அப்பவும் எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. வந்ததும் சட்டையை மோந்து பார்ப்பேன், வண்டி சீட்டுக்கு அடியில பார்ப்பேன். போன வாரம் சண்டையில குடிச்சப்பவாவது வீட்ல இருந்தீங்கன்னு சொல்லிட்டேன், ஒண்ணும் பேசாம மீட்டிங்குக்குப் போயிட்டார். பையனுக்கு 12 வயசு, அவனே ஏம்மா எப்பவும் கத்தறேங்கறான், அவனுக்குத் தெரியாததா, அடி விழற ராத்திரி எங்கம்மா வீட்டுக்கு ஓடறதுக்குன்னு ரெண்டு செட் துணி, ஆதார், அவன் யூனிபார்ம் எல்லாம் போட்டு பீரோ மேல வெச்ச பை இன்னும் அப்படியேதான் இருக்கு, யூனிபார்ம் சின்னதாப் போச்சேன்னு போன மாசம் புதுசு வாங்கி மாத்தி வெச்சேன், அது வேற செலவு. சரி அதை விடுங்க. அங்க போறதை வாரத்துக்கு ரெண்டு நாளா குறைக்க வைக்கறது எப்படின்னு மட்டும் சொல்லுங்க. எனக்கும் ஒரு புருஷன் வேணாமா?

பதில்:

அன்பு சகோதரிக்கு,

விடச் சொன்னீங்க, என்னால விட முடியல. ஸ்பான்சர், போன், ஏழு மணி எல்லாம் படிச்சேன், ஆனா கண்ணு அந்தப் பையிலயே நின்னுடுச்சு. குடியை விட்டு ஆறு மாசம் ஆன ஒரு மனுஷன் வீட்ல, பையனுக்குப் புது அளவு யூனிபார்ம் வாங்கி ஓடறதுக்கு ரெடியா வெச்சிருக்கீங்க. உங்களுக்கு இன்னும் பயம் போகல. பயமா இருக்குன்னு சொல்ல வாய் வரல, அதனால ஏழு மணியைப் பிடிச்சுக்கிட்டீங்க.

பையைப் பிரிங்கன்னு சொல்ல மாட்டேன். இந்த நோய்ல முதல் வருஷம் சறுக்கறவங்க நிறைய. அவர் கை திரும்ப ஓங்கினா குடிச்சிருக்காரா இல்லையான்னு மோந்து பார்த்துட்டு நிக்காதீங்க, கிளம்புங்க, பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணுங்க. பை வெச்சிருக்கறது அவருக்குச் செய்யற துரோகம் இல்ல. (அந்தப் பவுடர் மிச்சம் இருந்தா இன்னைக்கே தூக்கிப் போடுங்க. அதுல, குடிச்சா உடம்பு ஒத்துக்காம பண்ற டைசல்ஃபிராம் மாதிரி மருந்து இருந்து, அது தெரியாம அவர் குடிச்சா உயிருக்கே ஆபத்து.)

ஆனா குடிச்சப்பவாவது வீட்ல இருந்தீங்கன்னு சொன்னது தப்புமா. அப்ப அவர் வீட்ல இருக்கல, கிடந்தார். உங்களுக்குத் தெரியாததா? மீட்டிங்கைக் குறைக்கவும் நான் வழி சொல்ல மாட்டேன். புதுசா வர்றவங்களை 90 நாள்ல 90 மீட்டிங் போகச் சொல்றது அங்க பழக்கம், அதுவுமில்லாம ஏழு மணி அவருக்கு டாஸ்மாக் நேரம், அந்த ரெண்டரை மணி நேரத்தை டீ கிளாஸோட தாண்டிட்டு வர்றார். அங்க பேசினதைச் சொல்லாததும் உங்களை ஒதுக்கறதுக்கு இல்ல, பக்கத்து சேர்க்காரர் அழுத கதையும் அதுல இருக்கும்.

அமெரிக்காவுல 1935ல ஏஏவை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் பில் வில்சன். அவர் குடியை விட்ட புதுசுல, மீட்டிங்குக்கு நேரமாச்சு வான்னு மனைவி லோயிஸைக் கூப்பிட, அவங்க கோபத்துல ஷூவைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க. அப்புறம் அவங்களுக்கே ஆச்சரியம், குடிகாரனா இருந்தப்ப தாங்கிட்டு இப்ப எதுக்கு இந்தக் கோபம்னு. அத்தனை வருஷம் தான் போராடியும் முடியாததை யாரோ முடிச்சுட்டாங்களேங்கற வலிதான் அது. வாந்தி அள்ளினது நானுன்னு நீங்க எழுதினதும் அதே ஷூதான். அந்த லோயிஸ்தான் 1951ல குடிக்கறவங்க குடும்பத்துக்குன்னு அல்-அனான் தொடங்கினவங்கள்ல ஒருத்தர்.

அல்-அனான் எங்க நடக்குதுன்னு உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேளுங்க, அவங்க குரூப்ல யாருக்காவது தெரிஞ்சிருக்கும். காசு கிடையாது, முழுப் பேர் சொல்ல வேண்டாம், சர்ச் ஹால்ங்கறது வெறும் இடம்தான், மதத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஏஏலயும் ஓப்பன் மீட்டிங்னு உண்டு, அதுக்கு நீங்களும் போகலாம், ஸ்கூட்டியை வெளிய நிறுத்தி எட்டிப் பார்க்க வேண்டாம். பக்கத்துல எதுவும் அமையலன்னா அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசலாம். பையன்கிட்டயும் பேசுங்க, தன் யூனிபார்ம் எதுக்கு பீரோ மேல இருக்குன்னு அவனுக்கு நல்லாவே தெரியும், நீங்க கத்தறது எதுக்குன்னுதான் தெரியல.

இன்னொண்ணு. ஏஏவோட 12 படிகள்ல எட்டாவது, தான் காயப்படுத்தினவங்களைப் பட்டியல் போடறது, ஒன்பதாவது அவங்ககிட்ட நேர்ல போய் அதைச் சரி பண்றது. அவர் அந்தப் படிக்கு வந்து உங்க எதிர்ல உக்கார்ற நாள்ல, சரி அதை விடுங்கன்னு சொல்லிடாதீங்க. பை மேலயே இருக்கட்டும், அதுல இருந்து எடுத்தீங்களே அந்தச் சின்ன யூனிபார்ம், அதை அவர் கையில குடுங்க.