கோரைக்கிழங்கும் கசப்பான வேரும்

வாசகி ஒருவரின் கேள்வி: "தோட்டத்தில் கோரை பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. அண்ணி மேல் எனக்குள்ள கசப்பும் அப்படித்தான். மன்னித்துவிட்டேன் என்று ஜெபித்து எழுந்தாலும் மறுவாரம் திரும்பி வந்துவிடுகிறது. பாதுகாப்பு ஜெபம் தினமும் செய்கிறேன். பிசாசுக்கு எங்கே வழி விடுகிறேன்?"

முதலில் கோரையைப் பார்ப்போம். காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தோடு அறுந்து இலை மட்டும்தான் கையில் வரும். முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். காலையில் தோட்ட முள்கரண்டியால் ஒரு சாண் ஆழம் கிளறி, மண்கட்டியைக் கையால் உதிர்த்துப் பாருங்கள். நிலக்கடலை அளவில் கறுத்த கிழங்கு ஒன்று இருக்கும். அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வேர் ஓடி அடுத்த கிழங்கைத் தொடும்.

'மன்னித்துவிட்டேன்' என்று மொத்தமாகச் சொல்வது இலையைக் கிள்ளுவது போலத்தான். அண்ணி எந்த நாளில், எந்தச் சொல்லால் காயப்படுத்தினார் என்று அந்த ஒன்றைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் வையுங்கள். எபிரெயர் 12:15 கசப்பை 'வேர்' என்றுதான் சொல்கிறது.

அதற்காக இரவெல்லாம் கிண்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். மண்ணைத் தாறுமாறாகக் கொத்தினால் அந்த நூல் அறுந்து, தூங்கிக்கிடந்த கிழங்குகள் தனித்தனியாக முளைக்கும். "ஜெபத்துக்காகத்தான் சொல்கிறேன்" என்று நாலு பேரிடம் கதையைப் பரப்புவதும் இதே வேலைதான். நம் சபை ஐக்கியக் கூட்டங்களில் இது அதிகம்.

அப்புறம், கோரைக்கு நிழல் ஆகாது. பிளாஸ்டிக் விரிப்பைக்கூடத் துளைத்து வந்துவிடும். ஆனால் சர்க்கரைவள்ளிக் கொடி அடர்ந்து மூடினால் சோர்ந்துபோகும். உங்கள் ஜெபத்தில் குறைவது இதுதான் என்று நினைக்கிறேன். பாதுகாப்பு ஜெபத்தில் வேலி கேட்கிறீர்கள், உள்ளே பாத்தியோ காலியாகக் கிடக்கிறது. மத்தேயு 12-ல் ஒரு மனிதனை விட்டுப் போன அசுத்த ஆவி திரும்பி வந்து பார்த்த வீடு, அதாவது அந்த மனிதனின் உள்ளம், பெருக்கி ஜோடித்துத்தான் இருந்தது, ஆனால் வெறுமையாக இருந்தது. லூக்கா 6:28 சொல்கிறபடி அண்ணியின் பெயரைச் சொல்லி, அவர் உடல்நலத்துக்காக, பிள்ளைகளுக்காகக் கேளுங்கள். முதல் வாரம் வாய் வராது. பரவாயில்லை, கேளுங்கள்.

எங்கே வழி என்று கேட்டீர்களே, "பிசாசுக்கு இடங்கொடாமல்" என்ற வார்த்தை எபேசியர் 4:27-ல் வருகிறது. அதற்கு முந்தின வசனம், சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியட்டும் என்பது. ஆகவே ஜெபத்தைக் காலையில் மட்டும் வைக்காமல் மாலையிலும் ஐந்து நிமிடம் வையுங்கள்.

ஒன்று மட்டும்: அண்ணி இன்னமும் புண்படுத்துகிறார் என்றால் தள்ளி இருப்பதில் தவறில்லை. மன்னிப்பது வேறு, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவது வேறு. ஏதேனில் ஆதாமுக்குக் கொடுத்த வேலையே பண்படுத்தவும் காக்கவும்தான்.

மூன்றாம் வாரம் மறுபடி ஒரு முளை தெரிந்தால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று எண்ணாதீர்கள். அது ஏற்கெனவே மண்ணில் இருந்த கிழங்கு. சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். எடுத்ததை உரக்குழியில் போடாமல், வெயிலில் நன்றாகச் சுருங்கும்வரை காயவையுங்கள்.